நடுக்கோடை நினைவுநாள் பலகை: செயலரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார். ஆகவே இந்த அறிக்கை பெரும்பாலும் நூலக வாசலில் ஜூன், ஜூலை மாதங்களில் நின்ற நினைவுநாள் பலகையைப் பற்றியது; அந்தந்த நாளுக்குரிய பிறப்பு, மறைவு, நிகழ்ச்சிகளை அட்டையில் எழுதிக் குத்திவைக்கும் பலகை அது.

நமக்கு அக்னி நட்சத்திரம் மே மாதக் கடைசியிலேயே விடைபெற்றுவிடும். பலகையின் பெயரில் உள்ள நடுக்கோடை என்பது வட ஐரோப்பாவின் கணக்கு. அங்கே நீண்ட பகல் ஜூன் 21ஐ ஒட்டி வரும். திருநாளோ புனித யோவான் பெயரால் ஜூன் 24. சுவீடனில் 1953 முதல் அதையும் ஜூன் 20 முதல் 26க்குள் வரும் சனிக்கிழமைக்கு நகர்த்திவிட்டார்கள். விடுமுறையை வாரக் கடைசியோடு ஒட்டவைக்கும் கலை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

அந்த ஜூன் 24தான் கண்ணதாசனுக்கும் எம்.எஸ்.விஸ்வநாதனுக்கும் பிறந்தநாள். கவிஞர் 1927இல் சிறுகூடல்பட்டியில்; மெல்லிசை மன்னர் 1928இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில். இருவருக்கும் ஒரே அட்டை போடலாம், ஒரே எண் போடக் கூடாது. 2025இல் கவிஞருக்கு 98 ஆண்டு நிறைந்து 99 தொடங்கியது, எம்.எஸ்.வி.க்கு ஒன்று குறைவு. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் கிடைப்பது நிறைவு. அதோடு ஒன்று கூட்டினால் நடக்கும் ஆண்டு. சுவரொட்டிகளில் பாதிச் சண்டை இந்த ஒன்றால் வருவது. பலகையில் நிறைவு எண் மட்டுமே எழுதுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அடுத்த தகராறு, எந்த ஊர்த் தேதி என்பது. நிகழ்ச்சி நடந்த ஊரின் தேதியே செல்லும் என்பது விதி. மைக்கேல் ஜாக்சன் மறைந்தது லாஸ் ஏஞ்சலஸில் 2009 ஜூன் 25 பிற்பகல் 2.26. நமக்கு அப்போது 26ஆம் தேதி அதிகாலை 2.56. அட்டை 25க்குத்தான்.

நிலாவில் இந்த விதி வழுக்கும். அப்போலோ 11 இறங்கியது கிரீன்விச் கணக்கில் 1969 ஜூலை 20 இரவு 8.17, ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது ஜூலை 21 அதிகாலை 2.56. கட்டுப்பாட்டு அறை இருந்த ஹூஸ்டன் கடிகாரத்தில் இரண்டுமே 20ஆம் தேதி. இந்தியாவில் இரண்டுமே 21: இறங்கியது பின்னிரவு 1.47, கால் வைத்தது காலை 8.26. கலம் இறங்கிய நிலாச் சமவெளியான அமைதிக் கடலுக்கென்று உள்ளூர் நேரம் கிடையாது. ஆகவே கட்டுப்பாட்டு அறையின் கடிகாரமே உள்ளூர்க் கடிகாரம் என்று விதியில் ஒரு வரி சேர்த்தோம். 1975 ஜூலை 17இல் அமெரிக்காவின் அப்போலோவும் சோவியத்தின் சோயுஸும் விண்வெளியில் இணைந்ததன் பொன்விழா அட்டைக்கும் அதுவே கைகொடுத்தது. கலங்கள் இணைந்தபோது நமக்கு இரவு பத்து மணி ஆகவில்லை. இரு கலங்களின் தலைவர்கள் ஸ்டாஃபர்டும் லியோனோவும் கைகுலுக்கியபோது நள்ளிரவு தாண்டி 18 ஆகிவிட்டது. ஹூஸ்டன், மாஸ்கோ இரண்டிலும் 17தான், தகராறு இல்லை.

நெருக்கடி நிலைக்கு வேறு வகைச் சிக்கல். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டது 1975 ஜூன் 25 இரவு; நாட்டுக்கு வானொலியில் சொல்லப்பட்டது 26 காலை. அட்டையை 25இல் வைத்து, இரண்டு தேதியையும் எழுதினோம்.

பழைய (ஜூலியன்) நாட்காட்டித் தேதிகளை இன்றைய (கிரிகோரியன்) கணக்குக்கு மாற்றக் கூட்ட வேண்டியவை: 17ஆம் நூற்றாண்டுக்கு 10 நாள், 18க்கு 11, 19க்கு 12, 20க்கு 13. சைபீரியாவின் துங்குஸ்கா வெடிப்பு 1908 ஜூன் 30. அன்று ரஷ்யாவின் சொந்தக் கணக்கில் ஜூன் 17. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் கெட்டுப்போகும். பிளாசிப் போருக்கு (1757 ஜூன் 23) கூட்டவே கூடாது. பிரிட்டன் 1752இலேயே புது நாட்காட்டிக்கு வந்துவிட்டது. அயர்லாந்தின் பாயின் போர் பழைய கணக்கில் 1690 ஜூலை 1. பத்தைக் கூட்டினால் 11, அதன் நினைவு ஊர்வலம் போவதோ 12. அதைத் திருத்துவது நம் வேலையல்ல. கொண்டாடும் நாளில் அட்டை, அடியில் சிறிய எழுத்தில் கணக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள்: 1880ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய விழா ஜூலை 14 என்று மட்டும் சொல்கிறது, பாஸ்டீல் சிறைக்கோட்டை விழுந்த 1789ஆ, மறுவருட ஒற்றுமை விழாவா என்று சொல்லவில்லை.

படத்தையும் சரிபார்க்க வேண்டும். 1983 ஜூன் 25, லார்ட்ஸ், கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. அன்று ஆட்டம் 60 ஓவர், உடை வெள்ளை, பந்து சிவப்பு. நீலச் சட்டை போட்ட கபில்தேவ் படத்தை யார் கொண்டுவந்தாலும் அது அந்த நாளின் படமல்ல. ‘ஜாஸ்’ படத்தின் 50 ஆண்டு நிறைவு அட்டையில் (1975 ஜூன் 20) அமெரிக்க வெளியீடு என்று குறிப்பிட்டோம். ஊர் குறிக்காத வெளியீட்டுத் தேதி அரைத் தேதிதான்.

பொருட்கள்: பலகை 4க்கு 3 அடி. அட்டை 6க்கு 4 அங்குலம், கெட்டித் தாள், 40 சொல்லுக்கு மேல் போகாமல். தண்ணீர் மையுள்ள ஸ்கெட்ச் பேனா மேற்கு வெயிலில் வெளுத்துவிடும்; பெர்மனன்ட் மார்க்கரோ, ஜெராக்ஸோ நிற்கும். லேமினேட் செய்தால் வெளிச்சம் அடித்து எழுத்து தெரியாது. செல்லோ டேப் சூட்டில் பசை இளகி உரிந்துவிடும், குண்டூசியே மேல். மேலே இரண்டு மட்டும் குத்தினால் போதாது. அம்மியே பறக்கும் ஆடியில் அட்டை எம்மாத்திரம்? நான்கு மூலையிலும் குத்த வேண்டும்.

வரும் கோடைக்கு இரண்டு பெரிய அட்டைகள். ஒன்று, கண்ணதாசன் நூற்றாண்டு: 2026 ஜூன் 24 தொடக்கம், 2027 ஜூன் 24 நிறைவு. மற்றொன்று, அமெரிக்க விடுதலையின் 250 ஆண்டு நிறைவு. பிரிவதென்று வாக்களித்தது 1776 ஜூலை 2. அறிக்கையை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. இனிக் கொண்டாடப்போவது ஜூலை 2தான் என்று விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார். அவரும் அறிக்கையை எழுதிய ஜெஃபர்சனும் 1826இல் ஒரே நாளில் மறைந்தார்கள். அது ஜூலை 4. 200 ஆண்டு நிறைவு என்பதால் அந்த அட்டையிலேயே இதற்கும் இடம் விட வேண்டும்.

அட்டை எழுத விரும்புவோர் நாள், ஊர், நாட்காட்டி மூன்றையும் பின்பக்கம் குறித்து ஜூன் 5க்குள் நூலகத்தில் சேர்க்கவும். குண்டூசி டப்பா மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலர்