விடுமுறைக்கு ஹோம்ஸ் கேட்போம்

நண்பர்களே, வணக்கம். இந்த அரையாண்டு விடுமுறையில் நம் குழுவில் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் பழைய வானொலி நாடகங்களைக் கேட்கப் போகிறோம்.

முதலில், பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் ஹோம்ஸின் நண்பர் வாட்சனாகவும் 1939 முதல் 1946 வரை அமெரிக்க வானொலியில் நடித்த தொடர். அதன் பிற்கால நாடகங்களில் அறிவிப்பாளரே வாட்சனைத் தேடிப் போவார். வாட்சன் அவரை உட்கார வைத்து, பழைய வழக்கு ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். நடுவில் ஒயின் விளம்பரம் வரும். தள்ளிவிடாமல் கேளுங்கள், அதுவும் அந்தக் காலத்தின் குரல்தான்.

அப்புறம், பிபிசி தயாரித்த நீலக்கல் கதை. கிளைவ் மெரிசன் ஹோம்ஸ், மைக்கேல் வில்லியம்ஸ் வாட்சன். ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் கோனன் டாயிலின் 60 ஹோம்ஸ் கதைகளையும் வானொலியில் நடித்து முடித்த ஜோடி இது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய வாத்தின் இரைப்பையில் திருட்டுப்போன ரத்தினம் இருக்கும். கூடவே கிடைத்த பழைய தொப்பியை வைத்து, அதன் சொந்தக்காரர் நொடித்துப் போனவர், மனைவியின் அன்பை இழந்தவர் என்று ஹோம்ஸ் அடுக்குவார். திரையில் தொப்பியைக் காட்டிவிடுவார்கள். வானொலியில் அந்தத் தூசியையும் மெழுகுக் கறையையும் நாமே மனசுக்குள் பார்க்க வேண்டும். எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும்!

பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். திருடன் யார் என்ற ஊகத்தைக் குரல்பதிவாக அனுப்பலாம். எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை முடிவை மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள்.