சோதனைப் பதிப்பில் இருந்தது வாங்கிய மென்பொருளில் இல்லை: பணத்தைத் திருப்பித் தரக் கோரல்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் உங்கள் எச்.டி.ஆர். மென்பொருளை ஆனி மாதக் கடைசியில் 79 டொலர் கட்டி வாங்கினேன். வாங்க முன்னர் சோதனைப் பதிப்பைப் பன்னிரண்டு நாள் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். அதில் நான் பார்த்தது ஒன்று, பணம் கட்டியபின் நீங்கள் தந்தது இன்னொன்று.

என்ன வேலைக்கு வாங்கினேன் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எங்கள் அம்மம்மாவின் வீடு நாற்சார் வீடு. நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், அதற்குப் பின்னால் இருட்டறைகள். ஆவணியில் அதை இடிப்பதென்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கு ஒவ்வொரு மூலையையும் பெரிய படமாக அச்சடித்துக் கொடுக்க நினைத்தேன். மத்தியான வெயிலில் முற்றத்து மணல் கண்ணைக் கூசும். அதே நேரம் சாமியறைக்குள் விளக்குச் சுடர் மட்டும்தான் தெரியும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க என் கமராவால் முடியாது. ஆகவே முக்காலியில் வைத்து, அப்பேச்சரை, அதாவது வில்லைத் துவாரத்தின் அளவை, மாற்றாமல், ஒளி விழும் நேரத்தை மட்டும் கூட்டி, 1/500 செக்கனில் தொடங்கி 1/2 செக்கன் வரை ஐந்து படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட 4 மடங்கு ஒளி.

அது சோளகக் காற்று வீசும் காலம். முற்றத்துக்கு மேலே தெரியும் தென்னோலை ஒரு கணம் சும்மா நிற்காது. ஐந்தையும் ஒன்றாக்கினால் ஒரே ஓலை நாலைந்தாகி ஆவி போல நிற்கும். இந்தக் கோஸ்டிங்கை எப்படி நீக்குகிறது என்பதைத்தான் எந்த மென்பொருளிலும் நான் முதலில் பார்ப்பேன். நிறத்தைப் பளபளப்பாக்கும் பொத்தான்கள் எனக்கு வேண்டாம், அம்மம்மா வீட்டுச் சுவர் ஒருநாளும் அப்படி மின்னியதில்லை. உங்கள் சோதனைப் பதிப்பில், ஓலை ஆடும் இடத்தைத் தூரிகையால் குறித்து, அந்த இடத்துக்கு மட்டும் மூன்றாவது படத்தை எடுக்கச் சொல்ல முடிந்தது. அருமையாக வேலை செய்தது. அதற்காகத்தான் வாங்கினேன்.

பணம் கட்டி, நீங்கள் அனுப்பிய கீயை, அதாவது திறப்புக் குறியீட்டை, போட்டுத் திறந்தால் அந்தத் தூரிகை சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அழுத்தினால் விலை கூடிய மேல்பதிப்பை வாங்கச் சொல்கிறது. சரி, ஓலையை வேறொரு மென்பொருளில் கையால் திருத்தலாம் என்று 16 பிட் ரிஃப் (TIFF) கோப்பாகச் சேமிக்கப் போனேன். அதுவும் இல்லை, 8 பிட் ஜேபெக் (JPEG) மட்டும்தான். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 16 பிட்டில் 65,536. இருட்டறைச் சுண்ணாம்புச் சுவரைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியதுமே நிழல் பட்டை பட்டையாக உடைந்துவிட்டது. ஐந்து படம் எடுத்துச் சேர்த்த ஒளியைக் கடைசிப் படியில் வெட்டி எறியும் ஒன்றை எச்.டி.ஆர். மென்பொருள் என்று எப்படி விற்கிறீர்கள்?

உங்கள் விற்பனைப் பக்கத்தை மறுபடி வரிவரியாக வாசித்தேன். சோதனைக்குத் தருவது மேல்பதிப்பு என்று ஓரிடத்திலும் இல்லை. இரண்டிலும் ஒரே தொழில்நுட்பம் என்றுதான் இருக்கிறது.

வாங்கிய மூன்றாம் நாளே உங்களுக்கு எழுதினேன். கீ பயன்படுத்தப்பட்டுவிட்டதால் பணம் திருப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. கீயைப் போடாமல் உள்ளே என்ன இல்லை என்று ஒருவர் எப்படி அறிவது? அதற்குப் பிறகு அனுப்பிய இரண்டு மடலுக்கும் பதிலே இல்லை.

இப்போது அதே படங்களை, இலவசமாகக் கிடைக்கும் லுமினன்ஸ் எச்.டி.ஆரில் இணைத்து, 16 பிட் ரிஃப்பாகச் சேமித்து வேலையைத் தொடர்கிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் சுவர் சுவராக இருக்கிறது. கமராவிலிருந்து வந்த மூலப் படங்களான ரோ (RAW) கோப்புகளை வைத்திருந்ததால் தப்பினேன். உங்கள் ஜேபெக்கை நம்பி அவற்றை அழித்திருந்தால் திரும்பப் போய் எடுக்க அங்கே வீடு இல்லை.

எனக்கு 79 டொலரும் முழுதாகத் திரும்ப வேண்டும். மேல்பதிப்பைக் கழிவு விலையில் தருகிறோம் என்று எழுத வேண்டாம், நான் வாங்கமாட்டேன். அப்புறம், எந்தப் பதிப்பில் கோஸ்ட் தூரிகை உண்டு, எது 16 பிட்டில் சேமிக்கும் என்பதை விற்பனைப் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே போடுங்கள். இங்கே என்னைப் போல் பழைய வீடுகளைப் படமெடுக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எதை வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள்.

பற்றுச்சீட்டையும் உங்கள் பதிலையும், அந்தச் சுவரின் 8 பிட், 16 பிட் படங்கள் இரண்டையும் இணைத்துள்ளேன். பதினான்கு நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.