எந்த டாலர் என்று எழுதியிருக்கலாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. சென்ற ஞாயிறு இணைப்பில் மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையில் ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அங்கேயும் நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கையில் டாலர் வைத்திருந்தால் போதும், கவலையே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எந்த டாலர் ஐயா?

2024 டி20 உலகக் கோப்பையில் நம் அணி எங்கெங்கே ஆடியது என்பது உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்குத் தெரியாததல்ல. முதலில் நியூயார்க், அங்கே அமெரிக்க டாலர். பிறகு ஆன்டிகுவா, செயின்ட் லூசியா. அங்கே கிழக்குக் கரீபிய டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. அரையிறுதி நடந்த கயானாவில் (அது தீவே அல்ல, தென் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கும் நாடு) கயானா டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு இருநூறுக்கும் மேல். இறுதிப் போட்டி நடந்த பார்படாசில் பார்படாஸ் டாலர். 1975 முதல் இன்றுவரை இரண்டு பார்படாஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே போட்டித் தொடரில் நான்கு டாலர். உங்கள் கட்டுரையில் நான்கும் ஒன்றாகிவிட்டன. மேற்கிந்தியத் தீவுகள் என்பது கிரிக்கெட்டுக்குத்தான் ஒரே அணி. இறங்கிப் பார்த்தால் தனித்தனி நாடு, தனித்தனிச் சட்டம், பலவிதக் காசு.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 34 வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். லண்டனில் இருக்கும் எங்கள் மகன், நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக இறுதிப் போட்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். 2024 ஜூன் 24ஆம் தேதி நானும் என் கணவரும் லண்டன் வழியாகப் பார்படாஸ் போய் இறங்கினோம். காரை மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருந்தேன். நாளைக்கு 75 டாலர் என்று பதில் வந்திருந்தது. பார்படாஸ் நாட்டு நிறுவனம் எழுதியது, ஆகவே பார்படாஸ் டாலர் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு நாளைக்கு 525. நம் பணத்தில் ஏறக்குறைய 22,000 ரூபாய் என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். கவுன்டரில் போய் நின்றபோதுதான் அது அமெரிக்க டாலர் என்று தெரிந்தது. அப்படியே இரண்டு மடங்கு, 44,000 ரூபாய். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று சொன்னவள், அந்தக் கவுன்டரில் என் கணவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். என்னிடம் அலகை எழுதாத அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. அதே தவறை என் பத்திரிகையும் செய்யும்போது வருத்தம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

அது முதல் அடிதான். டாலர் ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டை நீட்டினேன். அது செல்லாது, கார் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், முன்பணமாக 800 அமெரிக்க டாலரை அதில் பிடித்து வைப்போம் என்றார்கள். என் கணவரிடம் கிரெடிட் கார்டு இருந்தது. ஆனால் 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நாமாகத் திறந்துவிட்டால்தான் நம் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யும். அதைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வருகிற சிம்முக்கு ரோமிங் போடவில்லை. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் லண்டனில் தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி, அவன் அங்கிருந்து இந்த எண்ணுக்கு ரோமிங் போட்டு, ஓடிபி வந்து, கார்டு திறந்து, சாவி கைக்கு வர இரண்டு மணி நேரம். அறுபத்து நான்கு வயது மனிதர், அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தவர், சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தார். கவலையே வேண்டாம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் அவர் அப்படி உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தெரிகிறது.

லைசென்ஸ் கதையும் உண்டு. புறப்படும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியிருந்தோம். எங்கள் கவுன்டரில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் லைசென்ஸைக் கேட்டு வாங்கி, அதை வைத்து வெளிநாட்டுப் பயணிக்கான ஓட்டுநர் அனுமதிச் சீட்டு ஒன்று எழுதி, 10 பார்படாஸ் டாலர் வாங்கிக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இதைச் சொல்லக் கட்டுரையில் ஒரு வரி போதும்.

இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். அதோடு முடிந்துவிடுமா? விமான நிலையத்திலிருந்து வடக்கே போகும் ஏ.பி.சி. நெடுஞ்சாலையில் வரிசையாக ரவுண்டானா. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு, அதாவது வலப்பக்கமிருந்து வருபவருக்கு, நின்று வழிவிட வேண்டும். நம்மூரில் யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் வழி. 35 வருடம் திருநெல்வேலிச் சாலையில் ஓட்டிய என் கணவரின் கைக்கு அது ஒரே நாளில் படியவில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹார்னை இரண்டு தட்டுத் தட்டும்போதெல்லாம் தன்னைத் திட்டுவதாக நினைத்து அவர் தவித்துப் போனார். மூன்றாம் நாள்தான், நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா விளக்கினார்: நன்றி சொல்லவும், நீங்கள் போங்கள் என்று வழிவிடவும், தெரிந்தவரைக் கண்டால் வணக்கம் சொல்லவும் அவர்கள் தட்டுவது அதே ஹார்னைத்தான். வாடகைக் காரின் நம்பர் பிளேட் ஹெச் எழுத்தில் தொடங்குவதால் வெளியூர்க்காரர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், அதனால்தான் பொறுத்துப் போகிறார்கள் என்றும் சொன்னார். அந்த ஊர் மனிதர்களின் நல்ல குணத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. கடற்கரையின் நிறத்துக்கு மட்டும் இரண்டு பத்தி.

கிழக்குக் கரையில் பத்சீபா என்ற ஊருக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. வளைவில் எதிரே வருவது தெரியாது. சாலை இரண்டு காருக்குச் சரியாக இருக்கும், அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது. அதன் பிறகு காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில்தான் அதிகம் போனோம். எங்கே ஏறினாலும் 3.50 பார்படாஸ் டாலர். நிறுத்தப் பலகையில் நகரத்துக்கு, நகரத்திலிருந்து என்று இரண்டே வகை, குழப்பமே இல்லை. ஆனால் அரசுப் பேருந்தில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். அமெரிக்க டாலர் அந்தத் தீவில் பெரும்பாலான கடைகளில் செல்லும். மீதியைப் பார்படாஸ் டாலராகத்தான் தருவார்கள். நான் ஏடிஎம்மில் எடுத்தபோது, ஏற்றியிருப்பது அமெரிக்க டாலர், எடுப்பது வேறு நாணயம் என்று என் கார்டில் 3.5 சதவீதம் பிடித்தார்கள். இதையெல்லாம் சொல்லாமல் டாலர் இருந்தால் போதும் என்பது எப்படித் தகவலாகும்?

29ஆம் தேதி ஆட்டத்தைப் பற்றி எழுத இது இடமல்ல. 7 ரன்னில் ஜெயித்தோம். என் கணவர் அழுததை 38 வருடத்தில் இரண்டாவது முறையாகப் பார்த்தேன். மறுநாள் மாலையே பெரில் புயலுக்காகக் கடைகளை அடைத்து விமான நிலையத்தையும் மூடினார்கள். நம் அணி வீரர்களும் அங்கேயே மாட்டிக்கொண்டதை நீங்கள் முதல் பக்கத்தில் போட்டீர்கள். ஜூலை 1ஆம் தேதி நாங்கள் காரைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அன்று அந்த அலுவலகமே திறக்கவில்லை. திறந்தபிறகு, பூட்டியிருந்த நாளுக்கும் சேர்த்து 75 அமெரிக்க டாலர் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். ஜூனிலிருந்து நவம்பர் வரை அங்கே புயல் காலம். உங்கள் கட்டுரையோ கோடை விடுமுறைக்கு ஏற்ற இடம் என்கிறது.

விசா தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தியர்கள் பார்படாஸ் போக விசா வேண்டாம் என்பது சரி. ஆனால் லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி கேட்விக் விமான நிலையத்துக்கு மாறிப் போகிறவருக்குப் பிரிட்டிஷ் விசா வேண்டுமே! சென்னையிலிருந்து நேர் விமானம் இருப்பது போல எழுதலாமா?

இது புதிதுமல்ல. கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் வந்தபிறகும் உங்கள் பயணப் பக்கம் அதைச் சொல்லாமல் சுற்றுலா எழுதியது. அதை நம்பிப் போன எங்கள் தெருக் குடும்பம் ஒன்று மலையடிவாரத்தில் குழந்தைகளோடு காத்துக் கிடந்தது. அப்போதும் எழுதினேன். போட்டீர்கள், ஆனால் இ-பாஸ் பற்றிய வரிகளை வெட்டிவிட்டு, உங்கள் இணைப்பைப் பாராட்டியிருந்த முதல் பத்தியை மட்டும் போட்டீர்கள். அன்று பட்ட வருத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை. இன்று உங்களிடமே சொல்கிறேன்.

நான் கேட்பது சிறிய உதவி. வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளின் அடியில் நான்கு வரியில் ஒரு பெட்டி போடுங்கள்: நாணயத்தின் முழுப் பெயர், அமெரிக்க டாலருக்கு அதன் மதிப்பு, காருக்கு எந்தக் கார்டு, எந்த அனுமதி. வரும் ஞாயிறு இந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தமும் வேண்டும். இந்தக் கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் எங்கள் கதையை முழுக்க எடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்கு டாலர்களின் பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பாளையங்கோட்டை.