எரிகோவில் பார்வை பெற்றவர்கள் எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிகோ என்ற ஊரில் பார்வையற்ற பிச்சைக்காரருக்கு இயேசு பார்வை கொடுத்த சம்பவம் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையையும், அதற்கு வந்த பதில் கடிதங்களையும் படித்தேன். மாற்கு, மத்தேயு, லூக்கா என்ற மூன்று சுவிசேஷங்களும் (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் வேதப் புத்தகங்கள்) மூன்று விதமாகச் சொல்வதால் இது நடக்கவே இல்லை என்கிறார் கட்டுரையாளர். முரண்பாடே கிடையாது என்று அடித்துச் சொல்கிறார்கள் பதில் எழுதியவர்கள். நான் ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவன்தான், ஆனாலும் இரண்டு பேச்சும் எனக்கு ஒத்துவரவில்லை.

முதலில் வேதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் இயேசு எரிகோவை விட்டுப் புறப்படும்போது, திமேயுவின் மகன் பர்திமேயு வழியோரம் உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறார். மத்தேயு 20-இலும் புறப்படும்போதுதான், ஆனால் இரண்டு பேர், பெயர் கிடையாது. லூக்கா 18-இல் ஒரே ஒருவர், அவருக்கும் பெயர் இல்லை, அதோடு இயேசு இன்னும் ஊருக்குள்ளேயே வரவில்லை. 19-ஆம் அதிகாரத்தில்தான் உள்ளே போகிறார், அவரைப் பார்க்க சகேயு என்ற வரி வசூலிப்பவர் காட்டத்தி மரத்தில் ஏறுகிறார். மற்றபடி தாவீதின் குமாரனே இரங்கும் என்று கூப்பிடுவது, கூட்டம் அதட்டுவது, அவர்கள் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவது, என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்பது எல்லாமே மூன்றிலும் ஒன்றுதான்.

இதைச் சரிக்கட்ட எவ்வளவோ பேர் முயன்றிருக்கிறார்கள். ஊருக்குள் வரும்போது ஒரு அற்புதம், போகும்போது ஒன்று என்றார் பழங்காலச் சபை அறிஞர் அகுஸ்தீன். அப்படியானால் ஒரு முனையில் அதட்டி, அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்த அதே கூட்டம், மறு முனையில் இன்னொருவர் அதே வார்த்தைகளில் கூப்பிட்டபோது அவரையும் அதட்டியதா? இயேசு ஊருக்கு வரும்போதே அவர் கூப்பிட்டார், இரைச்சலில் கேட்கவில்லை, இயேசு போகும்போதுதான் குணமானார் என்று சபைச் சீர்திருத்தவாதி கால்வின் ஊகித்தார். ஆனால் லூக்காவில் அவர் உடனே பார்வையடைந்து பின்னால் போகிறார், அதன் பிறகுதான் இயேசு ஊருக்குள் நுழைகிறார்.

உங்கள் வாசகர் ஒருவர் பெரிதாக எழுதியிருந்த 'இரண்டு எரிகோ' விளக்கத்துக்கும் வருகிறேன். பழைய எரிகோவான டெல் எஸ் சுல்தான் மேடும், ஏரோது மன்னனின் அரண்மனைகள் இருந்த துலூல் அபூ அல் அலாயிக்கும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன, அகழாய்வு செய்த இடங்கள், அதில் சந்தேகமில்லை. பழையதை விட்டுப் புதியதுக்குப் போகும் வழியில் நடந்தது என்றால் 'புறப்படும்போது', 'வரும்போது' இரண்டுமே சரியாகிவிடுமாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மேடு இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊராக இல்லாமல் போய்விட்டது, எரிகோ என்றால் அன்றைக்கு ஆட்கள் குடியிருந்த எரிகோதான், மூன்று சுவிசேஷங்களில் ஒன்றுகூடப் பழைய ஊர், புதிய ஊர் என்று பிரித்துப் பேசவில்லை.

இரண்டு பேர் இருந்தால் ஒருவரும் இருந்தார்தானே என்ற வாதம் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் மாற்கு 5-இல் பேய் பிடித்தவர் ஒருவர், மத்தேயு 8-இல் இரண்டு பேர். எருசலேமுக்குள் போகும்போது மாற்கில் ஒரு கழுதைக்குட்டி, மத்தேயுவில் கழுதையும் குட்டியும். ஒரு இடம் என்றால் சரி, மூன்று இடங்களிலும் மற்றவர்கள்தான் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள் என்றால் எப்படி? இரட்டிப்பது மத்தேயு எழுதும் விதம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, அப்படியானால் கட்டுரையாளர் ஜெயித்துவிட்டாரா? இல்லை. தனித்தனி சாட்சிகள் மூன்று பேர் மாறிமாறிச் சொல்வதுபோல அவர் எழுதியிருக்கிறார். மாற்கு முதலில் எழுதினார், அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் மத்தேயுவும் லூக்காவும் எழுதினார்கள் என்பது வேத ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விஷயம். அதனால் லூக்கா இடத்தை மாற்றியது அந்தச் சம்பவம் நடந்ததற்கும் ஆதாரமில்லை, நடக்காததற்கும் ஆதாரமில்லை. மூன்று சாட்சி இருக்கிறது என்று பெருமைப்படும் நம் ஆட்களுக்கும் இது பொருந்தும். நடந்ததா இல்லையா என்று கேட்க வேண்டுமானால் மாற்கிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

அங்கே போனால் வேறொன்றும் கண்ணில் படும். பர்திமேயுவுக்குச் சற்று முன்னால் செபதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும் வந்து, மகிமையில் உமக்கு வலதுபுறமும் இடதுபுறமும் எங்களுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடம் இயேசு கேட்ட அதே கேள்வியைத்தான் பிச்சைக்காரரிடமும் கேட்கிறார். கூடவே நடந்தவர்கள் நாற்காலி கேட்கிறார்கள், வழியோரம் கிடந்தவர் பார்வை கேட்கிறார், கிடைத்ததும் எருசலேமுக்குப் போகும் பாதையிலேயே பின்னால் நடக்கிறார். மத்தேயு அந்த இடம் கேட்கும் வேலையை அவர்களுடைய தாயார் மேல் போட்டுவிட்டார் (பாவம் அந்த அம்மா). ஒவ்வொருவரும் எதற்காக எப்படி எழுதினார்கள் என்று பார்க்காமல் தலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதெல்லாம் எங்கே தெரியும்?

இந்த வித்தியாசங்கள் ஆதி சபைக்குத் தெரியாமலும் இல்லை. சுமார் கி.பி. 170-இல் தாத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் பிசிறில்லாமல் ஒன்றாக்கி தியாத்தெசரோன் என்ற நூலைச் செய்தார், சிரியா பக்கத்துச் சபைகளில் வெகுகாலம் அதைத்தான் வாசித்தார்கள். 5-ஆம் நூற்றாண்டில் தியோதொரேத் என்ற ஆயர் தன் பகுதியில் இருந்த 200-க்கும் மேற்பட்ட பிரதிகளைச் சேகரித்து அப்புறப்படுத்தி, நான்கு சுவிசேஷங்களைத் திரும்ப வைத்தார். தாத்தியானின் போதனைகள் மேல் இருந்த கோபமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் முரண்பாடு நீக்கிய ஒரே புத்தகம் கையில் இருந்தும் சபை அதை வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் விட்டுவைத்ததை நாம் ஏன் உட்கார்ந்து ஒட்டவைக்க வேண்டும்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விவாதம் இன்னும் ஓடுவதாக இருந்தால், மூன்று பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். மொத்தமே 22 வசனம்தான், அரைப் பக்கம்கூட ஆகாது. பாதிக் கடிதங்கள் வருவது நின்றுவிடும், என்னுடையதையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்