லெட்டர் ஜாக்கெட் வாங்கும் முன்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோரே,

பள்ளியின் முதன்மை அணியில் ஆடியதற்காகத் தரும் துணி எழுத்தான வார்சிட்டி லெட்டரைப் பிள்ளை வாங்கிவிட்டாள் என்றதும், அதைத் தைத்து அணியும் லெட்டர் ஜாக்கெட்டைப் பற்றி நம் வீடுகளில் பெருமையோடு இன்னொரு பேச்சும் எழுகிறது: "ஒரு கோட்டுக்கு இவ்வளவு விலையா?" கேள்வி நியாயமானதுதான். கம்பளி உடல், தோல் கை, முதுகில் பெயர், தோளில் ஆண்டு, விளையாட்டுச் சின்னம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பல ஊர்களில் 300 டாலரைத் தாண்டுகிறது. டெக்சாஸில் பல பள்ளிகள் ஜாக்கெட்டையே பரிசாகத் தருகின்றன. வேறு பல இடங்களில் பள்ளி தருவது துணியில் செய்த அந்த எழுத்தை மட்டும். மற்றதெல்லாம் நம் செலவு.

ஆனால் விலையோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். 1865இல் ஹார்வர்ட் பேஸ்பால் அணி சட்டையில் 'எச்' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டதிலிருந்து வரும் வழக்கம் இது. முக்கிய ஆட்டங்களில் இறங்காதவர் அந்த எழுத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து நடைமுறையாம். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் ஒன்பது சட்டம் 1972இல் வரும்வரை, பெரும்பாலான பள்ளிகளில் பெண்களுக்கென்று அணிகளே குறைவு. ஒரு மாணவி லெட்டர் ஜாக்கெட் அணிந்திருந்தால் அது பெரும்பாலும் அவளுடைய காதலனுடையது. இன்று உங்கள் மகள் ஓடி, நீந்தி, தன் பெயர் பொறித்ததைத் தானே ஈட்டுகிறாள். பல பள்ளிகளில் இசைக்குழுவுக்கும் விவாத அணிக்கும் படிப்புக்கும்கூட லெட்டர் உண்டு. நம் பிள்ளைகளில் பலருக்கு அது அந்த வழியில்தான் வருகிறது.

இத்தனைக்கும் பிறகு, பிள்ளைகளே "வேண்டாம்" என்று சொல்வதும் பெருகியிருக்கிறது. அணியின் பெயர் போட்ட ஹூடி மலிவு, துவைப்பது எளிது, வகுப்பறைக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கு வெளியே கிளப் அணிகளில் ஆடுபவர்களுக்குப் பள்ளி எழுத்தின் மீது பழைய பிடிப்பு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் லெட்டர் கிடைத்து, ஆர்டர் கொடுத்து, தைத்து வருவதற்குள் அணிய மிஞ்சுவது ஒரே ஒரு குளிர்காலம். இதற்கிடையே துணிக்கடைகளில் யாரும் ஈட்டாத எழுத்துகளோடு அதே வடிவ ஜாக்கெட்டுகள் அமோகமாக விற்கின்றன. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், ஊருக்கு அனுப்பும் புகைப்படத்துக்காக வற்புறுத்தாதீர்கள். எழுத்தைச் சட்டம் போட்டு அவள் அறையில் மாட்டினால் போதும். வேண்டும் என்றால் "வீண் செலவு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள். அவள் கேட்பது நான்கு ஆண்டு விடிகாலைப் பயிற்சிக்கான அடையாளம்.

பள்ளி அணிகளுக்காக நிதி திரட்டும் பெற்றோர் குழுவான பூஸ்டர் கிளப்பில் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நம்மில் பலருக்கு 300 டாலர் எரிச்சல்தான், இடர் அல்ல. அதே அணியில் ஓடும் வேறொரு பிள்ளையின் வீட்டில் அது ஒரு வார மளிகைக்கும் மேல். திரட்டும் நிதியில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்குங்கள். உதவி வேண்டும் என்று பிள்ளையே வாய்விட்டுக் கேட்கும்படி வைக்காமல், பயிற்சியாளர் வழியாகச் சத்தமில்லாமல் செய்யுங்கள். கூடுதல் சின்னங்கள் இல்லாத எளிய ஜாக்கெட்டின் விலையை ஆர்டர் படிவத்தின் முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள். இலையுதிர்கால ஆர்டர் தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்திலேயே இதை எழுப்பினால், இந்த ஆண்டே நடந்துவிடும்.

அன்புடன்,
உங்களில் ஒரு தாய்