ஊதினால் தெரியாத போதை

ஆசிரியருக்கு வணக்கம்.

லாரி விபத்துகளுக்கு டிரைவர்களின் குடியைக் காரணம் சொன்ன உங்கள் தலையங்கம் சாராயத்தோடு நின்றுவிட்டது. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் நான், வடக்கே போய்வரும் டிரைவர்களோடுதான் நாள் முழுக்கப் பேச்சு. குடியையே தொடாத ஆட்கள்கூட இடுப்பு வலிக்கென்று டிரமடால் மாத்திரை போடுகிறார்கள். ராஜஸ்தான், பஞ்சாப் பக்கம் டாபாக்களில் டோடா, அதாவது கசகசாக் காயின் காய்ந்த தோடு, அதை டீயில் போட்டுக் குடித்துப் பழகியவர்களும் உண்டு. இரண்டும் அபின் போலவே வேலை செய்பவை. போலீஸ் ஊதச் சொல்லும் மெஷினில் எதுவும் தெரியாது.

போட்டதும் வலி அடங்கி ஒரு தெம்பு வரும், விடிய விடிய ஓட்டலாம் போலிருக்கும். கண் சொருகுவதெல்லாம் அப்புறம்தான். பழகிப்போனால் மாத்திரை இல்லாத நாளில் உடம்பு முறிக்கும், கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், இடுப்பு வலிதான் திரும்பிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு போடுவார். டிரமடால் அளவு மீறினால் வலிப்பே வரலாம்.

விபத்து என்றால் ரோட்டில் மோதுவது மட்டுமா? லோடு மேலே ஏறித் தார்ப்பாய் விரித்துக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது தலை லேசாகக் கிறுகிறுத்தால் போதும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் மூட்டை மேலிருந்து பின்பக்கமாக விழுந்து குதிகால் நொறுங்கிப் போனார். பேப்பரில் வரவில்லை. இழப்பீடு கேட்டதற்கு 'மாத்திரை போட்டிருந்தான்' என்று கைவிரித்துவிட்டார்கள். சாவோ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயம், அதுவும் போதையால் வந்தது என்றால் முதலாளி தர வேண்டியதில்லை என்ற விதி 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்தது, 2025-ல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் தொடர்கிறது. இது தெரிந்த எந்த டிரைவர் டாக்டரிடம் உண்மையைச் சொல்வார்?

2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், நல்லது. அதே வருடம் நாடு முழுக்க ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற விதியை எடுத்துவிட்டார்கள்! கிளீனர்கள் ஏற்கனவே குறைந்தாச்சு. ஓட்டுவது, டயர் கழற்றுவது, லோடுக்குக் காவல் இருப்பது எல்லாம் ஒரே ஆள். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள், 'எங்கே வர்றே' என்று போனில் நச்சரிக்கும் முதலாளிகள் யாரும் அதைப் படித்ததில்லை போல.

சிறுநீர்ச் சோதனை வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பிடிபட்டவரின் லைசென்ஸைப் பிடுங்குவதோடு முடித்தால் மற்றவர்கள் இன்னும் மறைப்பார்கள். சிகிச்சை முடித்து வருபவருக்கு மறுபடி வண்டி கொடுப்போம் என்று உரிமையாளர் சங்கங்கள் எழுதித் தரட்டும். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446-ஐ டோல்கேட்டிலும் பெட்ரோல் பங்க்கிலும் பெரிதாக ஒட்டலாம். வடக்கு நடைக்கு இரண்டாவது டிரைவரின் சம்பளத்தையும் பேட்டாவையும் லோடு கொடுக்கும் கம்பெனிகள் வாடகையில் சேர்த்துத் தர வேண்டும். வாடகையை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்டு, சாலைப் பாதுகாப்பு மாதத்தில் டிரைவர் கையில் ரோஜாப்பூ கொடுத்து போட்டோ எடுப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஒரு வாசகர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்