காடும் கல்லாப்பெட்டியும்

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் வந்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது, அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

"முதலில் பிழைப்பு, அப்புறம் சுற்றுச்சூழல். ஏழை நாட்டுக்கு அதெல்லாம் ஆடம்பரம்" என்று எழுதியிருந்தாய். டீக்கடை பெஞ்சிலும் அந்தக் காலத்தில் இதையேதான் சொல்வாய். எனக்கு மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிக்கா என்ற சின்ன நாடு ஞாபகம் வருகிறது.

அந்த நாடும் முதலில் நீ சொல்லும் வழியில்தான் போயிற்று. காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு நிலத்தில் உரிமை, மாடு வளர்க்கக் கடன், அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி. 1940களில் நாட்டின் முக்கால் பங்கு காடாக இருந்தது. 1980களில் ஏறக்குறைய கால் பங்குதான் மிச்சம். சரி, பணமாவது சேர்ந்ததா? 1981இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. பிறகு இறைச்சி விலையும் சரிந்தது.

1996இல் வனச் சட்டம் கொண்டுவந்தார்கள். காட்டை அழித்து வேறு எதற்கும் மாற்றக் கூடாது. வெறும் தடையோடு விட்டிருந்தால் ராத்திரியில் வெட்டியிருப்பார்கள். அடுத்த ஆண்டே, காட்டை வைத்துக் காக்கும் நிலச் சொந்தக்காரர்களுக்கு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பணம் எங்கிருந்து? பெட்ரோல், டீசல் வரியிலிருந்து. பின்னால் அந்த வரியில் 3.5 சதவீதம் இதற்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். அங்கே அதிபருக்கு நான்கு ஆண்டுதான், தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. மரம் வளர அது போதுமா? ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கையேந்தும் திட்டமாக இருந்திருந்தால் எவராவது ஒரு நிதி அமைச்சர் எப்போதோ கதையை முடித்திருப்பார். கட்சிகள் மாறின, திட்டம் ஓடுகிறது.

இன்று பாதிக்கு மேல் காடு. அதைப் பார்க்க வரும் பயணிகளால் டாலர் வருகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி அணைகளிலிருந்து. மேலே காடு இருந்தால்தான் மண் கரைந்து வந்து அணையைத் தூர்க்காமல் இருக்கும். மின்சாரத்துக்காக எண்ணெய் இறக்குமதி செய்யும் செலவும் பெருமளவு மிச்சம். பணக்கார நாடு தண்ணீர் கெட்டால் கடல்நீரைக் குடிநீராக்கிக்கொள்ளும். இல்லாதவனுக்கு ஆறும் மண்ணும்தானே முதல்?

எல்லாம் சட்டத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். இறைச்சி விலை விழுந்ததால் மேய்ச்சல் நிலங்களில் ஒரு பகுதி தானாகவே காடாகியிருக்கலாம். ஆரம்பத்தில் பட்டா இல்லாத சிறு விவசாயிக்குப் பணம் கிடைக்கவில்லை. அன்னாசித் தோட்டங்களின் களைக்கொல்லி சில ஊர்களின் குடிநீரைக் கெடுத்தது. 2024இல் மழை பொய்த்தபோது மின்வெட்டு அறிவிக்கும் அளவுக்கு அணைகள் வற்றின.

"அது சின்ன நாடு, நமக்கு ஒத்துவராது" என்று நீ எழுதுவாய். இருக்கட்டும். ஆனால் அந்தச் சட்டத்தைப் போட்டபோது அது பணக்கார நாடாக இல்லையே, அதற்கு என்ன சொல்கிறாய்? பதில் போடு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமசாமி